மிமாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தவர்கள்

திறந்தவெளி மேடை ஒன்றில் மூன்று பெண்கள் ஆடிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் பெரிதில்லை. பெரிய லென்ஸ் மாட்டிய கேமராக்களோடு வந்திருக்கும் ஆண்கள்தான் அதிகம். ஓரமாகக் காவலுக்கு நிற்கும் ஓர் இளைஞன் உள்ளங்கையை விரித்துத் தன் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறான். அவன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், தூரத்து மேடையில் நடுவில் ஆடும் பெண் அவன் கைமேல் ஆடுவதுபோலத் தெரிகிறது. ஒரு பொம்மையைக் கையில் வைத்திருக்கும் குழந்தையின் நிறைவு அவன் முகத்தில்.

சில விநாடிகளே வரும் காட்சி இது. ஆனால் 'பெர்ஃபெக்ட் ப்ளூ' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். அந்தக் கை அந்தப் பெண்ணைத் தொடவில்லை, அவளுக்கு அது தெரியவும் தெரியாது. அவள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறாள். புகழ் என்பது தனக்குத் தெரியாமல் பிறர் கையில் இருப்பது என்பதை இயக்குநர் சடோஷி கோன் படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வரைந்து காட்டிவிடுகிறார்.

இந்தப் படத்தை ஒரு வழக்குக் கட்டைப் பிரிப்பதுபோலப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. யார் என்ன செய்தார்கள், யார் எதைச் செய்யாமல் விட்டார்கள், இதில் கற்பனை எவ்வளவு, ஜப்பானில் உண்மையாகவே நடந்தது எவ்வளவு என்று பார்க்கலாம். முடிவையும் சேர்த்தே பேசப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் 81 நிமிடம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வந்து படித்தால் நல்லது. வன்முறையும் பாலியல் வன்முறைக் காட்சியும் உள்ள படம், பெரியவர்களுக்கானது.

படம் வந்த வழி

யோஷிகாசு டாகேவுச்சி 1991-இல் எழுதிய நாவல்தான் மூலம். அதை நடிகர்களை வைத்துப் படமாக எடுப்பதாகத்தான் முதலில் திட்டம். 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் வந்தது. தயாரிப்புத் தரப்பு அதில் அடிபட்டது. செலவைச் சுருக்கி, நேரடியாக வீடியோவில் வெளியிடும் அனிமேஷனாக அதை மாற்றினார்கள். வேலை மேட்ஹவுஸ் ஸ்டூடியோவுக்குப் போனது. அதுவரை முழுநீளப் படம் எதையும் இயக்காத, மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதை வரைந்துகொண்டும் பிறர் படங்களில் காட்சிகள் அமைத்துக்கொண்டும் இருந்த கோனிடம் அது வந்து சேர்ந்தது.

கோனுக்குக் கையில் வந்த கதை பிடிக்கவில்லை. ஐடல் என்கிற இளம் மேடைப் பாடகி, திகில், பின்தொடரும் ரசிகன் ஆகிய மூன்றும் இருந்தால் போதும், மற்றதை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. திரைக்கதை ஆசிரியர் சடாயுகி முராயும் அவரும் சேர்ந்து கதையை வேறொன்றாக மாற்றினார்கள். ஒரு வெறியன் ஒரு பெண்ணைத் துரத்தும் கதை, 'நான் யார்' என்று அந்தப் பெண் தன்னையே கேட்டுக்கொள்ளும் கதை ஆனது. 1997 ஆகஸ்டில் மான்ட்ரியல் நகரின் ஃபான்டேசியா விழாவில் முதல் திரையிடல். ஜப்பானில் 1998 பிப்ரவரியில் திரையரங்குக்கு வந்தது. வீடியோ கடை அலமாரிக்காகத் தொடங்கிய ஒன்று இப்படிப் பெரிய திரைக்குப் போனது. கோன் 2010-இல், 46 வயதில், கணையப் புற்றுநோயால் இறந்துபோனார். முழுநீளப் படம் என்று அவர் முடித்துக் கொடுத்தவை நான்கே நான்கு.

ஐடல் என்கிற தொழில்

ஜப்பானில் 'ஐடல்' என்றால் வெறும் பாடகி என்று பொருள் கொள்ள முடியாது. நன்றாகப் பாட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பார்ப்பவர்களுக்குத் தங்கள் வகுப்பில் படிக்கும் பெண் போலவோ பக்கத்து வீட்டுப் பெண் போலவோ தெரிய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருவதை ரசிகர்கள் கூடவே இருந்து பார்க்க வேண்டும். யாருக்கும் சொந்தமாகாதவளாக இருக்க வேண்டும், அப்போதுதான் எல்லாருக்கும் சொந்தமானவளாக இருக்க முடியும்.

1971-இல் தொடங்கிய 'ஸ்டார் டான்ஜோ' என்ற தொலைக்காட்சித் தேர்வு நிகழ்ச்சியில், சிறுமிகள் மேடையில் பாடி முடித்ததும் கீழே உட்கார்ந்திருக்கும் நிறுவனத்தார் தங்கள் நிறுவனப் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அட்டை எதுவும் எழாவிட்டால் அந்தச் சிறுமி அப்படியே வீடு திரும்ப வேண்டியதுதான். நாடே பார்க்க நடந்தது இது. 1985-இல் வந்த ஒன்யான்கோ க்ளப் ஒரே குழுவில் பெண்களைக் கூட்டமாகச் சேர்த்தது. பிறகு இறக்கம் தொடங்கியது. 'தி பெஸ்ட் டென்' போன்ற பெரிய பாடல் நிகழ்ச்சிகள் நின்றுபோயின. 90-களின் முற்பாதியை 'ஐடல்களின் குளிர்காலம்' என்றே ஜப்பானில் சொல்கிறார்கள்.

முதலில் சொன்ன மேடையில் நடுவில் ஆடிய மிமா கிரிகோயே அந்தக் குளிர்காலத்துப் பெண். 'சாம்' என்ற மூவர் குழுவில் இருக்கிறாள். பாட்டு விற்கவில்லை. அப்படி விற்காத பெண்களுக்கு அன்று திறந்திருந்த வழிகள் இரண்டு: தொலைக்காட்சி நாடகம், புகைப்படப் புத்தகம். 1991-இல் புகழின் உச்சியில் இருந்த ஓர் இளம் நடிகையின் நிர்வாணப் புகைப்படப் புத்தகம் 15 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்தப் பெண்ணுக்கு அப்போது 18 வயது. இந்தக் கணக்கு தெரிந்த எந்த ஏஜென்சிக்காரரும் கையிலிருக்கும் பெண்ணைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

'சரி' என்று சொன்னவள்

ஏஜென்சி அலுவலகத்தில் ஒரு வாக்குவாதம். முதலாளி ததோகோரோ, இனிமேல் பாட்டில் எதிர்காலமில்லை, மிமா நடிகையாக வேண்டும் என்கிறார். மேனேஜர் ரூமி, இந்தப் பெண் பாடத்தான் டோக்கியோவுக்கு வந்தாள் என்று மறுக்கிறாள். ரூமியும் ஒரு காலத்தில் ஐடலாக இருந்தவள். இரண்டு பேருக்கும் குரல் ஏறுகிறது. நடுவில் மிமா உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு நடிகையாகவே ஆகிறேன் என்று அவளே சொல்லிவிடுகிறாள்.

அம்மாவிடம் தொலைபேசியில் பேசும் காட்சி ஒன்று உண்டு. அதில் மட்டும் அவள் வாயிலிருந்து ஊர்ப் பேச்சு வருகிறது. மற்ற நேரமெல்லாம் டோக்கியோவின் தரமான மொழி. அம்மாவுக்கு மகள் பாட்டை விட்டது புரியவில்லை. மகளுக்கும் விளக்கத் தெரியவில்லை. ஊர்ப் பேச்சு அத்தோடு முடிந்துபோகிறது, படத்தில் பிறகு அவளை அவள் ஊர்க்காரியாக நாம் பார்ப்பதே இல்லை.

'டபுள் பைண்ட்' என்ற குற்றத் தொடரில் அவளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி. 'நீங்கள் யார்?' அந்த ஒரு வரியை மூலையில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். பிறகு பாத்திரத்தைப் பெரிதாக்க வழி சொல்கிறார்கள்: இரவு விடுதி மேடையில் அவள் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகும் காட்சி. ரூமி கொதிக்கிறாள். மிமா செய்கிறேன் என்கிறாள்.

அந்தப் படப்பிடிப்பைக் கோன் எடுத்திருக்கும் விதம்தான் இந்த ஆய்வின் மையம் என்பேன். காட்சி நடக்கும், நடுவில் 'கட்' என்ற குரல் வரும். எல்லாரும் அப்படியே உறைந்து நிற்பார்கள். விளக்கைச் சரிசெய்கிறார்கள், கேமராவை நகர்த்துகிறார்கள். அந்த இடைவெளியில், வல்லுறவு செய்பவனாக நடிக்கும் நடிகர் குனிந்து மிமாவிடம் மெதுவாக மன்னிப்புக் கேட்கிறார். பரவாயில்லை என்பதுபோல அவளும் லேசாகச் சிரிக்கிறாள். மறுபடி 'ஆக்‌ஷன்'. மறுபடி கூச்சல்.

இதில் யாரும் கொடியவர் இல்லை. நடிகர் மரியாதைக்காரர். குழுவினர் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். ததோகோரோகூட ஒரு பக்கம் நெளிகிறார். ரூமி அழுதுகொண்டே வெளியே போய்விடுகிறாள். எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனாலும் ஒரு பெண் அங்கே உள்ளுக்குள் உடைந்துபோகிறாள். எழுதியவரும் தயாரித்தவரும் அனுப்பிவைத்தவரும் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவர்கள் யாரும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்ய வந்த நடிகர்தான் கேட்கிறார்.

வீட்டுக்கு வருகிறாள். தொட்டியில் அவள் வளர்க்கும் சின்ன மீன்கள் செத்து மிதக்கின்றன. அதைப் பார்த்ததும் அதுவரை தாங்கிப் பிடித்திருந்தது உடைகிறது. கட்டிலில் விழுந்து கத்துகிறாள். எனக்கு அதில் இஷ்டமே இல்லை, ஆனால் என்னை இதுவரை வளர்த்துவிட்டவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க முடியுமா என்பதுதான் அந்த அழுகையின் சாரம்.

பிறருக்கு நம்மால் வரும் தொந்தரவை ஜப்பானியர்கள் 'மேய்வாகு' என்பார்கள். குழந்தையிலிருந்தே சொல்லிக் கொடுக்கப்படும் பாடம் அது, அடுத்தவருக்கு மேய்வாகு ஆகாதே. நல்ல பாடம்தான். ரயிலில் அமைதியாக இருப்பதும் குப்பையை வீட்டுக்கு எடுத்துப் போவதும் அதிலிருந்து வருபவை. ஆனால் அதே பாடத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஓர் இளம்பெண்ணின் முன்னால் வைத்துப் பாருங்கள். 'முடியாது' என்ற சொல்லுக்கு அவளிடம் இடமே மிஞ்சாது. மிமாவை யாரும் மிரட்டவில்லை, கையைப் பிடித்து முறுக்கவில்லை. அவள் சம்மதம் முழுக்க நன்றிக் கடனால் ஆனது. புகழின் இருட்டு என்று பேசும்போது நாம் கத்தியோடு வரும் வெறியனைத்தான் முதலில் தேடுகிறோம். இந்தப் படம் அவனுக்கு முன்பே நடந்த ஒன்றைக் காட்டுகிறது.

வலது கால்

மிமாவுக்கு வரும் ஒரு ரசிகர் கடிதத்தில், 'மிமாவின் அறையை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரு வரி. படித்ததும் திடுக்கிடுகிறாள், தன் அறையைத்தான் யாரோ பார்க்கிறார்கள் என்று. ரூமி சிரித்தபடி விளக்குகிறாள், அது இணையத்தில் ஒரு பக்கத்தின் பெயர் என்று. 90-களின் நடுப்பகுதி அது. இணையப் பக்கம் என்றால் என்னவென்றே மிமாவுக்குத் தெரியாது. கணினி வாங்கி, ரூமியிடம் கற்றுக்கொண்டு, அந்தப் பக்கத்தைத் திறக்கிறாள்.

அவளே எழுதியதுபோல ஒரு நாட்குறிப்பு அங்கே இருக்கிறது. முதலில் வேடிக்கையாகத்தான் படிக்கிறாள். ரயிலிலிருந்து இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறேன் என்பதுகூட எழுதியிருக்கிறது. வலது கால். சிரிப்பு நின்றுபோகிறது. கடையில் எந்தப் பால் வாங்கினாள் என்பது வரைக்கும் சரியாக இருக்கிறது. அவள் தன்னைப் பற்றி அறிந்திராததை எல்லாம் யாரோ அறிந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பக்கம் பயமுறுத்துவது அவளைக் கண்காணிப்பதால் மட்டும் இல்லை. நாட்கள் போகப் போக, 'எனக்கு நடிக்கவே பிடிக்கவில்லை, என்னைக் கட்டாயப்படுத்துகிறார்கள், எனக்குப் பாடத்தான் ஆசை' என்று எழுத ஆரம்பிக்கிறது. அவள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அது சொல்கிறது. பொய்யான மிமா உண்மையைப் பேசுகிறாள். உண்மையான மிமா 'சரி, சரி' என்று பொய் பேசிக்கொண்டிருக்கிறாள். இதற்கு அப்புறம் எது யாருடைய குரல் என்று அவளுக்கே தெரியாமல் போவதில் என்ன வியப்பு?

பழைய ஐடல் உடையில் இன்னொரு மிமா அவள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறாள். ரயில் கண்ணாடியில், கணினித் திரையில், பிறகு அறைக்குள்ளேயே. நீ அழுக்காகிவிட்டாய், நான்தான் நிஜம் என்கிறாள். இதை நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் அந்த உருவத்தைக் கொஞ்சம் மங்கலாகவோ ஒளியோடோ காட்டியிருப்பார்கள், பார்ப்பவர் உடனே மாயத்தோற்றம் என்று பிரித்துவிடுவார். வரைந்த படத்தில் இரண்டு மிமாவும் ஒரே கோட்டால், ஒரே வண்ணத்தால் ஆனவர்கள். கண்ணுக்கு இருவரும் சமம். படத்தொகுப்பும் அப்படித்தான். மிமா ஓரிடத்தில் கண் விழிப்பாள், பார்த்தால் அது நாடகத்தின் காட்சி. மனநல மருத்துவரிடம் பேசுவாள், 'கட்' என்ற குரல் வரும். கோபே நிலநடுக்கம் வந்து திட்டத்தை அனிமேஷன் பக்கம் தள்ளியிராவிட்டால் இந்தக் குழப்பம் இவ்வளவு சுத்தமாக அமைந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கொலைகள் தொடங்குகின்றன. அந்த வல்லுறவுக் காட்சியை எழுதியவர், மிமாவை நிர்வாணமாகப் படம் எடுத்த புகைப்படக்காரர் என்று ஒவ்வொருவராகச் சாகிறார்கள். இரத்தக் கறை படிந்த துணி மிமாவின் அலமாரியில் கிடக்கிறது. தானே செய்தோமோ என்று அவளே சந்தேகப்படுகிறாள். உள்ளங்கையில் அவளைத் தாங்கிய இளைஞன், 'மீ-மேனியா' என்ற பெயரில் உலவும் அந்த ரசிகன், அவளைக் கொல்ல வருகிறான். அவனுக்கு மின்னஞ்சல் வருகிறது: நான்தான் நிஜ மிமா, ஒரு போலி என் இடத்தைப் பிடித்துக்கொண்டாள், எனக்கு உதவி செய்.

ரூமி

முதல்முறை பார்த்தபோது ரூமியை நான் சரியாகக் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை அவளை மட்டுமே பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் இருக்கிறாள். கணினி கற்றுக் கொடுத்தவள் அவள். வல்லுறவுக் காட்சியைப் பார்க்க முடியாமல் எழுந்துபோனவள் அவள். மிமாவின் பக்கம் நின்று பேசிய ஒரே ஆள்.

'மிமாவின் அறை'யை எழுதியவளும் கொலைகாரியும் அவள்தான்.

கடைசியில் மிமா கண்விழிக்கும் அறை அவளுடைய அறை போலவே இருக்கிறது. கட்டில், மேசை, சுவர் எல்லாம் அப்படியே. திரையை விலக்கிப் பார்த்தால் சன்னலுக்கு வெளியே தெரிவது வேறு காட்சி. ரூமி தன் வீட்டில் மிமாவின் அறையைக் கட்டி வைத்திருக்கிறாள். மிமாவின் ஐடல் உடையைப் போட்டுக்கொண்டு, நான்தான் மிமா என்று நிற்கிறாள்.

பிறகு வரும் துரத்தலைப் பாருங்கள். தெருவில், கூரைகளில், கடை வீதியில் மிமாவைத் துரத்தி வருகிறாள். நாம் பார்ப்பது எடையே இல்லாமல் துள்ளி வரும் ஐடல் மிமாவை. ஆனால் கடைக் கண்ணாடியில் தெரியும் நிழலுருவில் இருப்பது நடுவயதுப் பெண் ஒருத்தி. உடம்புக்குப் பொருந்தாத சின்ன உடையில், வாய் திறந்து மூச்சு வாங்கியபடி ஓடி வருகிறாள். மற்றப் படங்களில் கண்ணாடி பொய் காட்டும். இங்கே அது ஒன்றுதான் உண்மை சொல்கிறது. அந்தக் காட்சியில் எனக்குப் பயத்தைவிடத் துக்கம்தான் வந்தது. மேடையிலிருந்து இறக்கிவிடப்பட்ட பெண் பிறகு எங்கே போவாள் என்ற கேள்விக்கு யாரும் பதில் வைத்திருக்கவில்லை. இன்னொரு பெண்ணை மேடை ஏற்றிவிடும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். அவளும் அந்த இன்னொருத்தியாகவே மாறிப்போனாள்.

எதிரே லாரி ஒன்று வருகிறது. அதன் முகப்பு விளக்கு வெளிச்சம் முகத்தில் விழ, ரூமி கையை விரித்துப் புன்னகைக்கிறாள், மேடை விளக்கு என்று நினைத்து. ஓடிப் போய் அவளைத் தள்ளிக் காப்பாற்றுவது மிமா.

மீ-மேனியாவின் மிமா ஒருத்தி, ததோகோரோவின் மிமா ஒருத்தி, ரூமியின் மிமா ஒருத்தி. இவர்களில் யாரும் மிமாவை வெறுக்கவில்லை. எல்லாரும் அவளுக்கு எது நல்லது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். அதில் மிகவும் நேசித்தவள்தான் மிகவும் ஆபத்தானவளாக ஆனாள். படம் சொல்வதில் எனக்கு இன்றுவரை ஜீரணமாகாத பகுதி இது.

படத்துக்குப் பிறகு நடந்தவை

மிமாவுக்குத் தொலைநகலில் 'துரோகி' என்று தாள் முழுக்க நிரம்பி வரும் இடம் ஒன்று உண்டு. படம் வந்த ஆண்டுகளில் அதைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தாலும், இப்படிப் பின்தொடர்வதற்கென்று தனிச் சட்டம் அன்று ஜப்பானில் இல்லை. 1999 அக்டோபரில் சைதாமா மாகாணத்தின் ஒகேகாவா ரயில் நிலையம் அருகே 21 வயது மாணவி ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். முன்பே குடும்பத்தோடு போய்ப் புகார் கொடுத்திருந்தும் காவல்துறை அலட்சியமாக இருந்தது வெளியே வந்தது. நாடு கொதித்தது. அதன் பிறகே 2000-இல் பின்தொடர்தல் தடுப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து தொலைபேசி அடிப்பது, தொலைநகல் அனுப்புவது அதில் குற்றமாகச் சேர்ந்தன. மின்னஞ்சல் சேர 2013 ஆனது.

2016 மே 21. டோக்கியோவின் கோகானேய் நகரில், பாடிக்கொண்டே கல்லூரியிலும் படித்துவந்த 20 வயதுப் பெண், தான் பாடவிருந்த அரங்கின் வாசலில் கத்தியால் பலமுறை குத்தப்பட்டார். குத்தியவன் ரசிகன். அவன் கொடுத்த கைக்கடிகாரத்தை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். ட்விட்டரில் அவன் மாதக் கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தான். சம்பவத்துக்குச் சில நாட்கள் முன்புதான் அவர் காவல்துறையிடம் போய் முறையிட்டிருந்தார். ஆனால் தொலைநகலும் மின்னஞ்சலும் இருந்த சட்டத்தில் சமூக வலைத்தளம் இல்லை. அவர் உயிர் பிழைத்தார். அவனுக்குப் பதினாலரை ஆண்டு சிறை. அந்த ஆண்டு டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பெண்ணின் உடம்பு அடிபட்ட பிறகே சட்டத்தில் ஒரு சொல் கூடியிருக்கிறது.

வலது கால் விஷயத்தை மிகை என்று நினைப்பவர்களுக்கு 2019-இல் நடந்த ஒன்று. ஓர் ஐடல் தானே எடுத்துப் போட்ட புகைப்படத்தை ஒருவன் பெரிதாக்கிப் பார்த்தான். அவர் கண்மணியில் ஒரு ரயில் நிலையத்தின் பிம்பம் தெரிந்தது. இணைய வரைபடத்தின் தெருக்காட்சியோடு ஒப்பிட்டு எந்த நிலையம் என்று கண்டுபிடித்தான். அங்கே போய்க் காத்திருந்தான், பின்னாலேயே வீடுவரை போய்த் தாக்கினான். அவர் போட்ட வீடியோக்களில் திரைச்சீலை இருக்கும் இடத்தையும் வெளிச்சம் விழும் திசையையும் வைத்து எந்த வீடு என்பதையும் கணித்திருந்தான். கோன் கற்பனை செய்ததைவிட நுணுக்கமாக ஒருவன் வேலை பார்த்திருக்கிறான்.

கத்தியில்லாத வன்முறையும் இருக்கிறது, மேய்வாகு வகை. 2013-இல் ஏகேபி48 என்ற ஐடல் குழுவைச் சேர்ந்த 20 வயதுப் பெண் ஒருவர், ஓர் ஆணின் வீட்டில் தங்கினார் என்று வார இதழ் எழுதியதும், தலையை மொட்டையடித்துக்கொண்டு கேமரா முன் அழுது மன்னிப்புக் கேட்டார். அந்தக் காணொளி குழுவின் அதிகாரபூர்வப் பக்கத்திலேயே வந்தது. யாருக்கு என்ன இழப்பு, எதற்கு மன்னிப்பு? 2015-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், ஒப்பந்தத்தை மீறிக் காதலித்ததற்காக 17 வயது ஐடல் ஒருவர் சுமார் 6.5 லட்சம் யென் கொடுக்க வேண்டும் என்றது. நான்கு மாதம் கழித்து, 2016 ஜனவரியில், அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் காதலிப்பது தனிமனிதரின் மகிழ்ச்சி தேடும் உரிமையில் சேரும் என்று சொல்லி நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளியது. இரண்டாவது தீர்ப்பைப் படித்தபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் 2019 ஜனவரி வந்தது. நீகாட்டா நகரைச் சேர்ந்த ஐடல் குழு ஒன்றின் உறுப்பினர், தன் வீட்டு வாசலில் இரண்டு ஆண்கள் தன்னைத் தாக்கியதை வெளியே சொன்னார். சில நாட்களில் குழுவின் மூன்றாம் ஆண்டு விழா மேடை. அங்கே ஏறி, பரபரப்பு ஏற்படுத்தியதற்காக மன்னிப்புக் கேட்டார். தாக்கப்பட்டவர் அவர், தலைகுனிந்ததும் அவரே. அந்த ஆண்டு மே மாதம் குழுவை விட்டு விலகினார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மிமாவின் கட்டிலும் மீன் தொட்டியும்தான் நினைவுக்கு வந்தன.

அதன் பின் வந்த கதைகள்

கோன் 2004-இல் எடுத்த 13 பகுதித் தொடர் 'பாரனோயா ஏஜென்ட்'. அதில் புகழ் வேறொரு பக்கத்திலிருந்து அழுத்துகிறது. நாடே கொண்டாடும் ஒரு நாய்ப் பொம்மையை வடிவமைத்த பெண், அடுத்த வெற்றி எங்கே என்று கேட்கும் அலுவலகத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, மட்டையால் தாக்கும் ஒரு சிறுவனைக் கற்பனையிலிருந்து கிளப்பிவிடுகிறாள்.

2023-இல் அனிமேயாக வந்த 'ஓஷி நோ கோ' இந்தத் தலைமுறையின் பதில். முதல் பகுதியே 90 நிமிடம். அதில் ஐ என்ற ஐடலை ரசிகன் ஒருவன் பூங்கொத்தோடு வீட்டு வாசலுக்கு வந்து குத்துகிறான், ஏமாற்றிவிட்டாய் என்கிறான். குத்துப்பட்டு விழும் நேரத்தில் அவள் அவன் பெயரைச் சொல்கிறாள், கைகுலுக்கும் நிகழ்ச்சியில் அவன் கொடுத்த சின்னப் பரிசையும் நினைவுகூர்கிறாள். பிடித்திருந்தது, இன்னும் வைத்திருக்கிறேன் என்கிறாள். தன்னை நினைவில் வைத்திருக்கவே மாட்டாள் என்று நம்பிக் கொல்ல வந்தவன் அதைக் கேட்டு அலறி ஓடுகிறான். நல்ல காட்சி, நான் அழுதேன். ஆனாலும் அந்தத் தொடர் ஐடல் மேடையின் பளபளப்பையும் கூடவே காதலிக்கிறது. அதன் பாடல்கள் நிஜ உலகிலும் பெரிதாக ஓடின. 'பெர்ஃபெக்ட் ப்ளூ'வில் அந்தச் சலுகை இல்லை. 'சாம்' குழுவின் பாட்டு அங்கே ஒருவர் சாகப்போகும் நேரத்திலும் ஒலிக்கிறது.

கார் கண்ணாடி

படத்தின் கடைசியில் சில காலம் கடந்திருக்கிறது. மிமா இப்போது பேர்பெற்ற நடிகை. மனநல மருத்துவமனைக்கு ரூமியைப் பார்க்க வருகிறாள். ரூமி பெரும்பாலான நேரம் இன்னும் மிமாவாகவே இருக்கிறாள் என்கிறார் மருத்துவர். அந்த ஆள் இல்லாதிருந்தால் நான் இன்றைக்கு இங்கே இருந்திருக்க மாட்டேன் என்பதுபோல மிமா பதில் சொல்கிறாள். கசப்பில்லாமல் சொல்கிறாள். பழைய நன்றிக் கடன் இன்னும் தீரவில்லையோ என்று எனக்குப் பட்டது. வேறு விதமாகப் படிப்பவர்களும் உண்டு.

வெளியே வரும்போது செவிலியர் இருவர் குசுகுசுக்கிறார்கள். அது மிமா கிரிகோயேதானே? சே, அவள் ஏன் இங்கே வரப்போகிறாள், அவளைப்போல இருக்கும் வேறு யாரோ.

மிமா காரில் ஏறி உட்கார்கிறாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறாள். 'நீங்கள் யார்?' என்ற அந்த ஒற்றை வரியோடு நடிக்க வந்தவள், பின்பக்கம் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் தன் கண்களைப் பார்த்து, இல்லை, நான் நிஜம்தான் என்று சொல்லிச் சிரிக்கிறாள். காருக்குள் வேறு யாரும் இல்லை.